கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை: வெள்ளியா, வெள்ளையா, கேப்பா? எதை வைத்து அடைப்பது?

கொச்சியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காக்கநாட்டிலிருந்து கிளம்பி மட்டாஞ்சேரி ஜூ டவுனுக்குப் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1568-ல் கட்டிய பரதேசி யூத வழிபாட்டுத் தலத்தைப் பார்த்தாயிற்று. வெளியே வந்தால் தெரு நெடுக மசாலாக் கடைகள்; சுக்கு, மிளகு, ஏலக்காய் வாசனை. கையில் ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸ். ஒரு கடி. 'கடக்' என்று ஒரு சத்தம்.

உடைந்தது சிப்ஸ் இல்லை. நாக்கால் தடவிப் பார்த்தால் கீழ் கடைவாய்ப் பல்லில் ஒரு பக்கச் சுவரையே காணோம். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று இரண்டு வருஷமாகத் தள்ளிப்போட்ட அதே சொத்தைப் பல்தான்.

"ஒரு கிராம்பை எடுத்து அந்தப் பக்கம் அடக்கிக்கோங்க, வலி குறையும்" என்கிறார் மசாலாக் கடைக்காரர். குறைகிறது.

உண்மையான குழப்பம் மறுநாள்தான் தொடங்குகிறது. பல் டாக்டர் எக்ஸ்-ரே பார்த்துவிட்டு, "காம்போசிட் போடலாம், ஆன்லே பண்ணலாம், கேப் போட்டா இன்னும் சேஃப்" என்று மூன்று வழி, மூன்று ரேட் சொல்கிறார். வீட்டுக்கு போன் போட்டால் அம்மா, "எனக்கு இருபது வருஷத்துக்கு முன்னாடி வெள்ளி அடைச்சாங்க, இன்னிக்கும் கல்லு மாதிரி இருக்கு. அதையே போடச் சொல்லு" என்கிறார். டாக்டரிடம் கேட்டால், "வெள்ளியெல்லாம் நாங்க இப்ப போடறதில்லீங்க."

யார் சொல்வது சரி? மூன்று பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எந்தப் பொருள் நல்லது என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று: உங்கள் பல்லில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? பெரிய சொத்தையில் விடை பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

கிராம்பு வேலை செய்கிறதா?

செய்கிறது, ஓரளவுக்கு. கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால் என்ற வேதிப்பொருள். அது நரம்பைச் சற்று மரத்துப்போகச் செய்யும். கிருமிகளையும் கொஞ்சம் கட்டுப்படுத்தும். இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. பல் டாக்டர்கள் தற்காலிகமாக அடைக்கப் பயன்படுத்தும் ஒரு சிமென்ட், துத்தநாக ஆக்சைடு பொடியோடு இதே யூஜினாலைக் குழைத்துச் செய்வதுதான். பல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் வரும் அந்த வாசனை பெரும்பாலும் அதனுடையது.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, கிராம்பு வலியைத்தான் குறைக்கும். சொத்தை உள்ளே போய்க்கொண்டேதான் இருக்கும். வலி போனதும் டாக்டரை மறந்துவிடாதீர்கள். கிராம்பு எண்ணெயை நேரடியாக ஊற்றினால் ஈறு புண்ணாகும், அதையும் செய்யாதீர்கள்.

இரண்டு, வெள்ளை ஃபில்லிங்கில் இருக்கும் பிசின் சரியாக இறுகுவதை யூஜினால் தடுக்கக்கூடியது. ஆகவே வேறு ஒரு டாக்டர் ஏற்கெனவே தற்காலிக சிமென்ட் வைத்திருந்தாலோ, நீங்களே பஞ்சில் கிராம்பு எண்ணெய் தொட்டு வைத்திருந்தாலோ அதைச் சொல்லிவிடுங்கள். பல்லைச் சுத்தம் செய்யும்போது அவர் அதை மனதில் வைத்துக்கொள்வார்.

வெள்ளி ஃபில்லிங் ஏன் மறைகிறது?

'வெள்ளி' என்று நாம் சொல்வதில் எடைக்கு ஏறக்குறைய பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த பொடி. இரண்டையும் குழைத்தால் சற்று நேரம் களிமண் போல இருந்து, பிறகு இறுகிவிடும். இதற்குப் பெயர் அமால்கம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது.

இப்போது அதற்குக் கெடு வைத்தாயிற்று. ஜப்பானின் மினமாட்டா கடற்கரையில் ஒரு ரசாயன ஆலை வெளியேற்றிய பாதரசக் கழிவு மீன் வழியாக மக்களின் உடலில் ஏறி நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. 1956-ல் வெளியுலகுக்குத் தெரியவந்த அந்த ஊரின் பெயரில்தான் 2013-ல் பாதரசத்துக்கு எதிரான சர்வதேச ஒப்பந்தம் உருவானது. 2017-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2014-ல் கையெழுத்திட்டு, 2018-ல் உறுதிப்படுத்தியது.

பாதரசம் என்றால் என்ன ஆகும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவர் நடத்திய தெர்மாமீட்டர் ஆலை, பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்டதை அடுத்து 2001-ல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் சமரசம் எட்ட 2016 ஆகிவிட்டது.

பல் அடைப்பைப் பொறுத்தவரை ஒப்பந்தம் படிப்படியாக இறுக்கப்பட்டது. 2022-ல், 15 வயதுக்குட்பட்டவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்களுக்கு அமால்கம் வேண்டாம் என்ற திருத்தம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவரீதியாகத் தவிர்க்கவே முடியாத சூழல் தவிர மற்றவர்களுக்கும் நிறுத்திவிட்டது. 2025 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய ஒப்பந்த நாடுகள், 2034-க்குள் அமால்கத்தை முற்றிலும் கைவிட ஒப்புக்கொண்டன. ஆப்பிரிக்க நாடுகள் 2030 என்று கேட்டன. அது ரொம்ப சீக்கிரம் என்று வேறு சில நாடுகள் சொன்னதால் இந்த நடுவழி.

ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அம்மாவின் வாயில் இருக்கும் வெள்ளி அவரை விஷமாக்கிவிட்டது என்பதல்ல இந்த முடிவுக்குக் காரணம். பெரிய கவலை சுற்றுச்சூழல். ஃபில்லிங் போடும்போதும் எடுக்கும்போதும் துகள்கள் வாஷ்பேசின் வழியாகச் சாக்கடைக்குப் போகின்றன. வெள்ளி அடைத்த பல்லோடு உடலை எரியூட்டும்போது பாதரசம் ஆவியாகக் காற்றில் கலக்கிறது. ஒரு பல்லுக்கு இது சின்னக் கணக்கு. கோடிக்கணக்கான பற்களுக்குச் சின்னதல்ல.

அப்போ பழைய வெள்ளியை எடுத்துடணுமா?

வேண்டாம். அது கெட்டியாக இருக்கிறது, ஓரத்தில் இடைவெளி இல்லை, அடியில் புதுச் சொத்தை இல்லை என்றால் அப்படியே விடுங்கள். நல்ல நிலையில் உள்ள அமால்கத்தைத் தேவையில்லாமல் தோண்டி எடுக்க வேண்டாம் என்றுதான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2020-ல் சொன்னது. எடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதலாக வெளியேறும். கூடவே நல்ல பல்லும் கொஞ்சம் போகும். அதே அமைப்பு, கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள், பாலூட்டுபவர்கள், குழந்தைகள், நரம்பு நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள், பாதரச ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோருக்குப் புதிதாக அமால்கம் போடுவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்லியிருக்கிறது.

"வெள்ளியை எல்லாம் எடுத்துட்டு வெள்ளையா மாத்திடலாம், உடம்புக்கு நல்லது" என்று யாராவது பேக்கேஜ் சொன்னால், எந்தப் பல்லில் என்ன கோளாறு என்று எக்ஸ்-ரேயில் காட்டச் சொல்லுங்கள்.

கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் ஏன் இவ்வளவு யோசனை?

முன்பல்லில் வைக்கும் அடைப்புக்கு அழகுதான் முதல் சோதனை. கடைவாய்ப் பல்லுக்குப் பாரம். முறுக்கு, எலும்பு, பட்டாணி எல்லாம் அங்கேதான் அரைபடுகிறது. இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் தூக்கத்திலும் அதற்கு ஓய்வில்லை. வாயின் கோடியில் இருப்பதால் டாக்டரின் கைக்கும் விளக்குக்கும் எட்டுவது கஷ்டம். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது, சொத்தை எத்தனை பக்கம் பரவியிருக்கிறது என்பது. கடைவாய்ப் பல்லை ஒரு சின்னப் பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல்தளம் ஒன்று, சுவர் நான்கு. மேல்தளத்தில் மட்டும் குழி என்றால் நான்கு சுவரும் அடைப்பைத் தாங்கிப் பிடிக்கும். பக்கத்துப் பல்லை ஒட்டிய சுவரும் போய்விட்டால் பாரம் மற்ற சுவர்கள் மேல் விழும். இரண்டு சுவர் போய்விட்டால் நிற்கிற சுவர்கள் ஒவ்வொரு கடிக்கும் வெளிப்பக்கமாக வளைந்து கொடுக்கும். ஒருநாள் ஒன்று பிளந்துவிடும். சிப்ஸில் உடைந்த உங்கள் பல் அப்படி உடைந்ததுதான். காம்போசிட் அடைப்புகளை நீண்ட காலம் கண்காணித்த பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2014-ல் வெளியான ஒரு பகுப்பாய்வு, பல்லில் இழந்த ஒவ்வொரு கூடுதல் பக்கத்துக்கும் அடைப்பு தோற்கும் ஆபத்து 30 முதல் 40 சதவீதம் கூடுகிறது என்று கணக்கிட்டது. 'பெரிய சொத்தை' தனி ரகம் என்பதற்கு இதுவே காரணம்.

இனி, பொருள்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அமால்கம், அதாவது வெள்ளி

இதன் பலம்: பாரம் தாங்கும், விலை குறைவு, சீக்கிரம் போட்டுவிடலாம், கொஞ்சம் எச்சில் பட்டாலும் பெரிதாகக் கெட்டுப்போகாது. அம்மாவின் ஃபில்லிங் இருபது வருஷம் நின்றதில் ஆச்சரியம் இல்லை.

பலவீனம்: பல்லோடு ஒட்டாது. உள்ளே அகலமாகவும் வாய்ப்பகுதியில் குறுகலாகவும் குழியை வெட்டினால்தான் நிற்கும். அதற்காக நல்ல பல்லையும் கொஞ்சம் செதுக்க வேண்டிவரும். ஒட்டாததால் மெலிந்த சுவர்களை அது கட்டிப் பிடிக்காது. நிறம் கருப்பு. கூடவே பாதரசம்.

2. காம்போசிட், அதாவது பல் நிற ஃபில்லிங்

பிசினும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் சேர்ந்த கலவை. நீல விளக்கைக் காட்டி இறுக வைப்பதால் 'லைட் க்யூர் ஃபில்லிங்' என்றும் சொல்வார்கள். 1960-களில் அமெரிக்காவில் ரஃபேல் போவன் உருவாக்கிய பிசின்தான் இதன் மூதாதை. முதலில் அமிலப் பசையால் பல்லின் மேற்பரப்பைச் சற்றுச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, பிறகு இதை வைக்கிறார்கள். அதனால் பல்லோடு ஒட்டுகிறது. சொத்தை இருக்கும் இடத்தை மட்டும் சுரண்டினால் போதும்; மிச்சப் பல் தப்பிக்கும். இதுதான் இதன் மிகப் பெரிய லாபம்.

இதற்கு ஒரு விலை உண்டு: பொறுமை. இறுகும்போது காம்போசிட் சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். மொத்தமாக ஒரே உருண்டையாக வைத்தால் ஓரத்தில் இடைவெளி விழும். அங்கே மறுபடி சொத்தை ஆரம்பிக்கும். அதனால் 2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கு அடுக்காக வைத்து ஒவ்வொன்றையும் விளக்கால் இறுக்க வேண்டும். 'பல்க் ஃபில்' என்ற புது வகையை 4 மில்லிமீட்டர் வரை ஒரே தடவையில் வைக்கலாம். எச்சிலோ ரத்தமோ பட்டால் பசை பிடிக்காது. பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய விரிப்பை மாட்டுவது இதற்காகத்தான். பக்கத்துப் பல்லோடு இடைவெளி விடாமல் ஒட்டியபடி சுவரை எழுப்புவதும் கைத்திறன் கேட்கும் வேலை. அது சரியாக அமையாவிட்டால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கறித்துண்டு சிக்கிக்கொள்ளும்.

சுருக்கமாகச் சொன்னால், காம்போசிட் எவ்வளவு நாள் நிற்கும் என்பது டப்பாவில் எழுதியிருக்கும் பிராண்டைவிட அன்றைக்கு அதைப் போட்ட விதத்தைப் பொறுத்தது. ஒரு பெரிய கடைவாய்ப் பல்லைப் பத்தே நிமிஷத்தில் முடித்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

3. ஜி.ஐ.சி. சிமென்ட்

முழுப்பெயர் கிளாஸ் அயனோமர் சிமென்ட். லண்டனில் அரசு வேதியியல் ஆய்வகத்தில் ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் உருவாக்கி 1970-களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்தியது. பல்லில் உள்ள கால்சியத்தோடு வேதியியல்ரீதியாகத் தானே ஒட்டிக்கொள்ளும். தனிப் பசை வேண்டாம். ஃப்ளோரைடை மெல்ல வெளியிடும். ஈரத்தைக் காம்போசிட்டைவிட நன்றாகவே பொறுத்துக்கொள்ளும். விலையும் குறைவு. டிரில், கரன்ட் எதுவும் இல்லாத கிராமத்து முகாமில் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிவிட்டு இதை வைக்கும் முறை 1980-களில் தான்சானியாவில் வளர்ந்தது. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் பெரிய சொத்தையில் இதன் எல்லை தெரிந்துவிடும். காம்போசிட் அளவுக்குப் பலம் இல்லை. தேயும், பாரம் விழும் ஓரங்களில் உடையும். கெட்டியான புது வகைகள் சிறிய, நடுத்தர அளவுக் குழிகளுக்குத் தாங்குகின்றன. சுவரே இல்லாத கடைவாய்ப் பல்லுக்கு இதை நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். ஆழமான குழியில் கீழே இதை வைத்து மேலே காம்போசிட் போடுவதுண்டு. அந்தக் கூட்டணி நன்றாக வேலை செய்யும். பல சொத்தைகள் இருக்கும்போது, முதலில் எல்லாவற்றையும் இதனால் மூடிச் சொத்தையைக் கட்டுப்படுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக நிரந்தரமாகச் செய்வதும் நல்ல வழி.

4. ஆன்லே, கேப்

இவற்றை வாய்க்குள்ளேயே வைத்து உருவாக்குவதில்லை. அளவெடுத்து, லேபிலோ கம்ப்யூட்டர் இயந்திரத்திலோ செய்து, பிறகு ஒட்டுகிறார்கள். ஆன்லே என்பது உடைந்த பகுதியையும் பல்லின் மேட்டையும் மட்டும் மூடும் துண்டு. கேப், அதாவது கிரவுன், பல்லைச் சுற்றிலும் தொப்பி போல மூடும். சிர்கோனியா, லித்தியம் டைசிலிகேட் போன்ற செராமிக், உலோகம், அல்லது உலோகத்தின் மேல் செராமிக் என்று வகைகள் உண்டு.

ஜூ டவுன் வழிபாட்டுத் தலத்தில் நீங்கள் வெறுங்காலோடு நடந்த தரையில் 18-ஆம் நூற்றாண்டுச் சீன நீல ஓடுகள் பதித்திருக்கிறார்கள். இத்தனை காலம் இத்தனை கால்கள் மிதித்தும் நிற்கின்றன. கீழே தளம் சமமாக இருந்து, ஓடு முழுக்கத் தாங்கப்பட்டிருக்கும் வரை பீங்கானுக்கு மிதியைத் தாங்குவது கஷ்டமில்லை. பல் செராமிக்குக்கும் அதே கணக்குதான். அழுத்தத்தைத் தாங்கும், போதுமான கனமும் அடியில் நல்ல பிடிப்பும் இல்லாவிட்டால் விரிசல் விடும். கனம் வேண்டுமென்றால் பல்லைச் செதுக்கித்தான் இடம் ஏற்படுத்த வேண்டும். இதில் கேப் அதிகமாகவும் ஆன்லே குறைவாகவும் நல்ல பல்லைக் காவு வாங்கும்.

ஆன்லே என்றாலே காம்போசிட்டைவிடக் கட்டாயம் அதிக வருஷம் வரும் என்று ஆய்வுகள் அடித்துச் சொல்லவில்லை. மெலிந்த மேடுகளை மூடிப் பாதுகாக்க வேண்டிய தேவை இருக்கும்போதுதான் அதன் கூடுதல் செலவுக்கு அர்த்தம் வருகிறது.

சரி, ஆய்வுகளில் யார் ஜெயித்தது?

வெள்ளிக்கும் காம்போசிட்டுக்கும் நடந்த நேரடிப் போட்டியைப் பார்ப்போம். மருத்துவ ஆதாரங்களை அலசும் காக்ரேன் அமைப்பு 2021-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, நிரந்தரக் கடைவாய்ப் பற்களில் காம்போசிட் தோற்கும் வாய்ப்பு அமால்கத்தைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை வருவதும் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். உடைவதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதைப் படித்ததும் 'அம்மா சொன்னதே சரி' என்று முடிவுகட்ட வேண்டாம். அந்த முடிவின் முதுகெலும்பு இரண்டே சோதனைகள். இரண்டும் குழந்தைகளிடம், 1990-களின் இறுதியில் தொடங்கியவை. அதன் பிறகு பசையும் பிசினும் நிறைய மாறிவிட்டன. ஆதாரத்தின் உறுதி குறைவு என்று காக்ரேனே சொல்கிறது. அதே குழந்தைகளிடம், வெள்ளி போட்டதால் அறிவுத்திறனிலோ நரம்பு மண்டலத்திலோ பாதிப்பு தென்படவில்லை என்பதும் 2006-ல் வெளியானது.

பெரியவர்களைப் பற்றி நெதர்லாந்தில் 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2010-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் பயனுள்ளது. பெரிய அடைப்புகளில், சொத்தை வரும் வாய்ப்பு குறைவாக உள்ளவர்களுக்குக் காம்போசிட்தான் நீடித்து நின்றது. சொத்தை அடிக்கடி வருபவர்களுக்கு, மூன்று பக்கம் போன பற்களில், அமால்கம் நன்றாக நின்றது.

அதாவது முடிவைத் தீர்மானித்ததில் வாய்க்கும் பங்கு இருக்கிறது. மேசையில் எப்போதும் ஒரு கூல் டிரிங்க் பாட்டில், மணிக்கொரு தடவை சர்க்கரை போட்ட காபி, ராத்திரி பல் தேய்க்காமல் தூக்கம் என்றால், எவ்வளவு விலை கொடுத்துப் போட்டாலும் ஓரத்தில் சொத்தை திரும்பும். அமால்கம் இந்த அசட்டையைக் கொஞ்சம் மன்னித்தது. இனி வரப்போகிறவை அந்த அளவுக்கு மன்னிக்காது.

உங்கள் பல் எந்த ரகம்?

குழி மேல்தளத்தில் இருக்கிறது, அல்லது ஒரு பக்கச் சுவர் மட்டும் போயிருக்கிறது, மற்ற சுவர்கள் கனமாக இருக்கின்றன: காம்போசிட் போதும். இதற்குக் கேப் என்றால், ஏன் என்று கேளுங்கள்.

இரண்டு சுவர் போய்விட்டது, அல்லது நிற்கும் மேடுகள் சுமார் 2 மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்துவிட்டன, அல்லது விரிசல் தெரிகிறது: மேட்டை மூட வேண்டிய நேரம். ஆன்லே முதல் தேர்வு. பணம் இப்போது இல்லை என்றால், மெலிந்த மேடுகளைச் சற்றுக் குறைத்துவிட்டுக் காம்போசிட்டாலேயே மூட முடியுமா என்று கேட்கலாம். திறமையான கையில் அதுவும் பல வருஷம் ஓடும்.

ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்: பெரும்பாலும் கேப் அல்லது ஆன்லே. இங்கே தள்ளிப்போட வேண்டாம். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2002-ல் வெளியான ஆய்வில், ரூட் கெனாலுக்குப் பிறகு கேப் போடாத பற்களை இழக்கும் வேகம், போட்டவற்றைப்போல ஆறு மடங்கு. பழைய பதிவேடுகளை வைத்துச் செய்த கணக்கு என்பதால் 'ஆறு' என்ற எண்ணையே பிடித்துக்கொள்ள வேண்டாம்; திசை தெளிவாக இருக்கிறது. 'வலிதான் போயிடுச்சே' என்று கேப் போடாமல் ஊருக்குப் போய்விட்டு, ஆறு மாசம் கழித்து இரண்டாகப் பிளந்த பல்லோடு வருபவர்களைப் பார்க்காத டாக்டர் இல்லை.

சொத்தை ஈறுக்குக் கீழே வெகுதூரம் போய்விட்டது, சுற்றிலும் பிடிக்கவே பல் இல்லை: எந்தப் பொருளும் அதிசயம் செய்யாது. எடுத்துவிடுவதுதான் நேர்மையான ஆலோசனையாக இருக்கலாம்.

ஒரு விஷயம், நரம்பு. ஜில்லென்று பட்டால் சுளீரென்று இழுத்து உடனே போய்விடுகிறதா? ஃபில்லிங்கிலேயே தப்பிக்க வாய்ப்பு உண்டு. நிமிஷக்கணக்கில் நீடிக்கிறதா, ராத்திரி தானாக எழுப்புகிறதா? நரம்பு கெட்டுவிட்டதற்கான அறிகுறி அது. அதற்கு மேல் எதை வைத்து அடைத்தாலும் வலி திரும்பும். ஆழமான சொத்தையில் நரம்புக்கு மிக அருகே மிருதுவான பகுதியைக் கொஞ்சம் விட்டுவிட்டு மேலே இறுக மூடுவதும் இன்று ஏற்கப்பட்ட முறைதான். 'முழுசா எடுக்காம மூடிட்டாரே' என்று பயப்பட வேண்டாம்.

நாற்காலியில் சாய்வதற்கு முன் கேட்க வேண்டியவை

எத்தனை சுவர் மிச்சம் இருக்கிறது, எக்ஸ்-ரேயில் காட்ட முடியுமா?

நரம்பு உயிரோடு இருக்கிறதா, எப்படிச் சோதித்தீர்கள்?

காம்போசிட் என்றால், ரப்பர் டேம் போடுவீர்களா? போடாவிட்டால் எச்சில் படாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?

கேப் என்றால், ஆன்லே ஏன் போதாது?

இது பழுதானால் அடுத்த கட்டம் என்ன, அப்போது பல்லில் எவ்வளவு மிஞ்சும்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். இருபத்தெட்டு வயதில் போடும் அடைப்பு எதுவும் அறுபது வரைக்கும் வராது. ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் பல் கொஞ்சம் குறையும். இன்றைக்குப் பல்லைக் குறைவாகச் செதுக்கும் வழி, நாளைக்கு இன்னொரு வாய்ப்பை மிச்சம் வைக்கிறது. இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாமல் பதில் சொல்கிறவரிடம் வேலையை ஒப்படைக்கலாம்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனி கொடுத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டைப் பெரிதாக நம்ப வேண்டாம். விபத்தில் அடிபட்டால் தவிர, சாதாரணப் பல் அடைப்பையும் கேப்பையும் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. ஓ.பி. சிகிச்சைக்குத் தனிச் சலுகை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செலவு தாங்காது என்றால் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. கேரளத்தில் கோட்டயம், ஆலப்புழை, திருவனந்தபுரம், தமிழ்நாட்டில் சென்னை. மாணவர்கள் பேராசிரியரின் மேற்பார்வையில் செய்வார்கள், நேரம் எடுக்கும். ஆனால் காம்போசிட்டுக்கு நேரம் எடுத்துச் செய்வது குறை அல்ல என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.

2034-ல் யாருக்கு நஷ்டம்?

உங்களுக்கு அனேகமாக இல்லை. நகரத்து கிளினிக்குகளில் வெள்ளி ஏற்கெனவே அபூர்வம். கவலைப்பட வேண்டியது, அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர்களைப் பற்றி. ஒரு டாக்டர், நீண்ட வரிசை, சரியாக உறிஞ்சாத எச்சில் குழாய், ரப்பர் டேமுக்கு நேரமில்லை. அப்படியொரு இடத்தில் ஈரத்தைப் பொறுத்துக்கொண்டு சீக்கிரம் இறுகி, பல வருஷம் நின்ற மலிவான பொருள் அமால்கம். அந்த இடத்தில் காம்போசிட்டை வைத்தால் மட்டும் போதாது. அதைச் சரியாகப் போடத் தேவையான நேரத்தையும் கருவியையும் உதவியாளரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதரசம் போகும். அதன் இடத்தில் இரண்டு வருஷத்தில் கழன்று விழும் வெள்ளை அடைப்பு வரும். அடுத்த தடவை அதே ஆள் பல்லைப் பிடுங்கிக்கொள்ளத்தான் வருவார்.

உலக அளவில் நிரந்தரப் பல்லில் சிகிச்சை பெறாத சொத்தையோடு இருப்பவர்கள் சுமார் 200 கோடி என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை. அவர்களுக்குப் புதுப் பொருளைவிட முதலில் வேண்டியது, சொத்தை சின்னதாக இருக்கும்போதே பார்த்து அடைக்க ஓர் இடம். சின்னக் குழிக்கு ஜி.ஐ.சி.யே போதும்.

உங்களுக்கும் அதுவே பொருந்தும். இந்தப் பல்லுக்கு ஆன்லேயோ கேப்போ போட்டு முடித்தாயிற்று என்றால், மற்ற பற்களை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பல்லிடுக்குச் சொத்தை கண்ணாடியில் தெரியாது. அதற்கென்று எடுக்கும் சின்ன எக்ஸ்-ரேயில்தான் தெரியும். ஃப்ளோரைடு உள்ள பேஸ்டால் ராத்திரியும் தேயுங்கள், பல்லிடுக்கில் நூல் விடுங்கள். அடுத்த தடவை ஜூ டவுன் போகும்போது கிராம்பை வாங்கலாம்; பிரியாணிக்கு மட்டும்.